விளிம்பைப் பார்க்கும் அம்பு

டயருக்கு வாய் இல்லை. இருந்திருந்தால் எங்கே அடி பட்டது, எங்கே ஆணி ஏறியது, எத்தனை நாள் காற்றில்லாமல் ஓட்டினார்கள் என்று அதுவே சொல்லிவிடும். அவளுக்கும் அந்த டயர்ப் பட்டறையில் வேலை இருந்திருக்காது. வாய் இல்லாததால்தான் பதினோரு வருஷமாக உள்ளே கையை விட்டுத் தடவித் தடவிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதனால் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். பெயர் வைத்தவர், தேய்ந்த ரப்பரை உரசி எடுக்கும் மெஷினை ஓட்டுகிறவர். தலை முதல் கால் வரை எப்போதும் கறுப்புத் தூசியோடு நிற்கிற அவருக்குத் தூசி அண்ணன் என்று பெயர் வைத்தது அவள். இருவருக்கும் சரியாய்ப் போயிற்று.

பட்டறைக்கு வருவதெல்லாம் மொட்டையான லாரி டயர்கள். மேல்தோல் தேய்ந்துபோயிருக்குமே தவிர, உள்ளே ஓடுகிற கம்பி இழைகள் கெடாமல் இருந்தால் அந்த உடம்பு இன்னும் இரண்டு மூன்று ஆயுள் ஓடும். தேய்ந்ததை உரசி எடுத்து, சொல்யூஷன் பூசி, பசை ரப்பரை ஒட்டி, அதற்கு மேல் பட்டன் பட்டனாய்ப் பள்ளம் வெட்டிய புது ரப்பர் பட்டையைச் சுற்றி, ஒரு பெரிய இரும்பு சேம்பருக்குள் அடுக்கி, சூடும் அழுத்தமும் கொடுத்து நாலு மணி நேரம் வேக வைக்க வேண்டும். வெளியே வரும்போது புதுசு தோற்றுப்போகும். ஆனால் இத்தனையும் எந்த உடம்புக்குச் செய்யலாம், எதற்குச் செய்யக் கூடாது என்று முதலில் ஒருத்தர் சொல்லியாக வேண்டும். அவள் வாயிலிருந்து வருவது இரண்டே வார்த்தை: ‘ஓடும்’, ‘ஓடாது’. ஓடும் என்றால் உள்ளே மஞ்சள் மெழுகுக் கட்டியால் ஒரு வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும். ஓடாது என்றால் ஒரு பெருக்கல் குறி. அப்புறம் அதன் பக்கவாட்டைக் கத்தியால் கிழித்துவிடுவார்கள், எவனும் திருட்டுத்தனமாக எடுத்துப் போய் மாட்டிவிடக் கூடாதென்று.

அவள் வீட்டுக்காரர் இறந்து பதினான்கு வாரம் ஆகிறது.

அவரும் லாரிக்காரர்தான். ஒரு மத்தியானம் சரக்கோடு போகும்போது டயரில் காற்று இறங்கி, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தினார். பஞ்சர் கடைக்காரன் சாப்பிடப் போயிருந்தான். திரும்பி வந்தபோது இவர் கடை பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அசதியில் தூங்குகிறார் என்று நினைத்து அவன் தன் வேலையைப் பார்த்தான். டயரை மாட்டி, காற்று அடித்து, நட்டெல்லாம் இறுக்கிவிட்டு, எழுப்பலாமென்று தோளைத் தொட்டான். மாரடைப்பு என்றார்கள். இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

இல்லை, இன்னொன்றும் தெரியும். அன்றைக்கு அவளுடைய போனில் அவரிடமிருந்து இரண்டு அழைப்புகள் வந்திருந்தன. 12.09. 12.11. இரண்டையும் அவள் எடுக்கவில்லை. ஒரு கை டயருக்குள் இருந்தது, இன்னொரு கையெல்லாம் சொல்யூஷன். போன் ஏப்ரன் பையில் கிடந்து அதிர்ந்தது. குனிந்து பெயரைப் பார்த்தாள். இந்த டயரை முடித்துவிட்டுப் பேசலாம் என்று விட்டாள். பிறகு அடுத்த டயர், அதற்கடுத்தது. இரண்டு மணிக்கு ஞாபகம் வந்து கூப்பிட்டபோது எடுத்தவன் பஞ்சர் கடைக்காரன்.

எதற்குக் கூப்பிட்டிருப்பார்? இதைக் கேட்டு ஒருவரும் அவளைக் குடையவில்லை. கேட்க என்ன இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்ததுதான். நெஞ்சு வலித்திருக்கும். பெஞ்சில் படுத்துக்கொண்டு பெண்டாட்டியைக் கூப்பிட்டிருப்பார். அவள் எடுக்கவில்லை. மாமியார் மட்டும் ஒரே ஒரு தடவை, போனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “ரெண்டு தடவ கூப்பிட்டிருக்கான்” என்றார். குற்றம் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பொம்பளைகளும் பேசிக்கொள்வது விளக்கை அணைக்கட்டுமா, கதவைச் சாத்தியாச்சா என்கிற அளவோடு நின்றுபோனது. சண்டை கிடையாது. முகம் திருப்பல் கிடையாது. பேச எடுத்தால் அந்த இரண்டு அழைப்பில் போய் முட்டுமே என்று இருவருமே ஒதுங்கிப் போனார்கள்.

அவள் அழவில்லை. வந்தவர் போனவரெல்லாம், “அழுதுடும்மா, அழுதா பாரம் கொறையும்” என்று சொன்னார்கள். ஏதோ குழாயைத் திறக்கச் சொல்வதுபோல. வந்தால் அழமாட்டாளா? பதினைந்தாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். அதற்கும் ஒரு பேச்சு, கல்நெஞ்சுக்காரி என்று. வீட்டில் உட்கார்ந்திருந்தால் மட்டும் என்ன பட்டம் கொடுத்திருப்பார்களோ. போனை மட்டும் அன்றிலிருந்து கையோடு வைத்துக்கொள்ளவில்லை. காலையில் வந்ததும் உடை மாற்றும் அறையில் தகரப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவாள்.

உண்மை என்னவென்றால், அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. காலையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டால் குளிரவில்லை. சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று மாமியாரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். டயருக்குள் கையை விட்டால் கை பாட்டுக்குப் போய்ச் சுற்றிவிட்டு வந்தது. கையில் அவள் இல்லை. வட்டம், புள்ளி. வட்டம், புள்ளி. ஒரு நாளைக்கு நாற்பது டயர் பார்க்கிறவள் அறுபது பார்த்தாள். முதலாளிக்குக் கொஞ்ச நாள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

போன வாரம் அந்தச் சந்தோஷம் வெடித்தது. வெந்து முடிந்த டயருக்குக் கடைசியாக இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்று அடித்துப் பார்ப்பார்கள். அப்படி அடிக்கும்போது ஒன்று பக்கவாட்டில் நீளமாகக் கிழிந்து வெடித்தது. கூண்டு இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. சேம்பரைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு, அவனைக் குக்கர் என்று கூப்பிடுவார்கள், இரண்டு நாள் காதில் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. பேருக்கு ஏற்ற மாதிரி ஆகிவிட்டதே என்று அவனே சொல்லிச் சிரித்துக்கொண்டான். கிழிந்த டயரைப் பிளந்து பார்த்தார்கள். உள்பக்கம் முழுக்கச் சுருக்கம் விழுந்திருந்தது. காற்றுக் குறைவாக ஓட்டி ஓட்டிக் கம்பி இழைகள் தளர்ந்துபோன டயர். வேலைக்கு வந்த முதல் வாரத்துக் கையே கண்டுபிடித்திருக்கும். அதற்குள் மஞ்சளில் அழகாக ஒரு வட்டம், ஒரு புள்ளி.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“இத பாரும்மா. உன்ன நம்பாம இல்ல. இந்த மாசம் முடியற வரைக்கும் நீ பாத்ததுக்கு அப்புறம் தூசியும் ஒரு தடவ பாக்கட்டும். அதுக்கும் சரியா வரலன்னா, பேசாம லேபிள் ஒட்டற வேலைக்கு மாறிக்கோ. அந்த டயர் ரோட்டுக்குப் போய் வெடிச்சிருந்தா…”

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. லாரிக்காரன் பெண்டாட்டியிடம் அதை எப்படி முடிப்பார்.

“சரிங்க” என்றாள். அதுவும் உறைக்கவில்லை.

இன்று காலை ஒரு லாரிக் கம்பெனியிலிருந்து பதினெட்டு டயர்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் எந்த வண்டி, எந்தப் பக்கத்துச் சக்கரம் என்று எழுதிய அட்டையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அவள் வீட்டுக்காரர் வேலை செய்த கம்பெனிதான். நான்காவது டயரின் அட்டையில் அவர் ஓட்டிய வண்டியின் நம்பர் இருந்தது. பின்பக்கம், இடது, உள் சக்கரம். மற்ற நம்பர்களைப் படித்த மாதிரியே அதையும் படித்தாள். குக்கர்தான் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் கூரையைப் பார்த்தான்.

டயரைத் தூக்கி விரிப்பு மெஷினில் மாட்டினாள். இரண்டு இரும்புக் கைகள் அதன் விளிம்புகளைப் பிடித்து அகல விரிக்கும், உருளைகள் மெதுவாகச் சுற்றும். மேலே விளக்கு. வலது உள்ளங்கையை உள்ளே வைத்தாள். கால் சுற்று, அரைச் சுற்று. முக்கால் சுற்றில் கை ஒரு மேட்டில் ஏறி இறங்கியது.

பேட்ச். ஆணி ஏறிய ஓட்டையை உள்ளிருந்து அடைக்கிற கனமான ரப்பர்த் துண்டு. பட்டறை போட்டதில்லை, வெளியாள் போட்டது. பட்டறை பேட்ச் பச்சை விளிம்போடு இருக்கும், இது முழுக் கறுப்பு. பெடலை மிதித்துச் சுற்றலை நிறுத்திவிட்டு விளக்கைத் தாழ்த்தினாள். பேட்சின் பக்கத்தில் மஞ்சள் மெழுகில் ஏதோ எழுதியிருந்தது. வெளியாள் யாரும் எழுதமாட்டார்கள். ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

தலையை உள்ளே நுழைத்துப் படித்தாள். தேதி. அவர் இறந்த தேதி. அதற்குக் கீழே நேரம்: 12.50.

அவளுக்கு அந்தக் கையெழுத்து தெரியும். இரண்டு போடும்போது வாலை இழுத்து அடுத்த எழுத்தின் மேல் ஏற்றிவிடுகிற கையெழுத்து.

பஞ்சர் கடைக்காரன்தான் ஓட்டையை அடைத்தான் என்று இத்தனை நாள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும்தான். அவன் டயரை மாட்டினேன், காற்று அடித்தேன் என்று சொன்னானே தவிர, பேட்ச் போட்டேன் என்று சொன்னதாக இப்போது யோசித்தால் ஞாபகம் வரவில்லை. அவன் சாப்பிட்டு வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், அவன் கடப்பாரையையே எடுத்து டயரைக் கழற்றி, இந்த மனுஷனே உட்கார்ந்து போட்டிருக்கிறார்.

தேதியையும் நேரத்தையும் எழுதச் சொன்னது அவள்தான். அது ஒரு பழைய சண்டை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வண்டி டயர் ஒன்று இதே மெஷினுக்கு வந்தபோது, உள்ளே ஒரு பேட்ச் கோணலாக, அம்புக்குறி தப்பான பக்கம் பார்த்தபடி ஒட்டியிருந்தது. பேட்சின் மேல் ஒரு அம்பு அச்சடித்திருக்கும். அது டயரின் விளிம்பைப் பார்க்க வேண்டும். ஓடுகிற திசையைப் பார்க்கக் கூடாது. பேட்சுக்குள்ளும் இழை உண்டு. திசை மாறினால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி எழும்போது பேட்ச் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு பக்கம் இழுக்கும். கொஞ்ச நாளில் வாயைப் பிளந்துவிடும். லாரிக்காரர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அம்பைப் பார்த்ததும் வண்டி போகிற பக்கம் திருப்பித்தான் ஒட்டுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ரோட்டில் வாழ்கிறவர்களுக்கு அம்பென்றாலே போகிற வழிதான்.

அன்று சாயந்திரம் வீட்டில் அவள் ஆடித் தீர்த்துவிட்டாள். துணி ஊறவைக்கிற பிளாஸ்டிக் தொட்டியைச் சாய்த்து அவர் முன்னால் வைத்து, அதன் உள்சுவரில் ஒரு துண்டு அட்டையை ஒட்டிக் காட்டினாள்.

“இது டயர். இது விளிம்பு. அம்பு இப்பிடிப் பாக்கணும். இப்பிடிப் பாத்தா ஒருநாள் ரோட்டுல கெடப்பீங்க.”

“வண்டி ஓட்டறவனுக்கு எதுக்குடி டாக்டர் படிப்பு?”

“சொல்யூஷன் காயறதுக்குள்ள ஒட்டியிருக்கீங்க. கால் மணி நேரம் காயவிட்டா உங்க சொத்தா கொறையும்? ஒட்டினா தேதியும் நேரமும் எழுதணும், எந்த மகராசன் எப்ப ஒட்டினான்னு அடுத்தவனுக்குத் தெரிய வேண்டாமா? தெரியலன்னா ஒரு போன் போட்டுக் கேக்கறது. கேட்டா கிரீடம் எறங்கிடுமா?”

மாமியார் கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, “சரிங்க டாக்டரம்மா, கேக்கறேன்” என்றார். மறுநாள் பட்டறையிலிருந்து ஒரு மஞ்சள் மெழுகுக் கட்டியை எடுத்து வந்து அவர் பைக்குள் போட்டாள்.

இப்போது அந்த மஞ்சள்.

எழுத்துக்கு மேலே இன்னும் ஏதோ தெரிந்தது. துணியால் லேசாகத் துடைத்தாள். பேட்சுக்கு இடது பக்கம், டயர் ஓடுகிற திசையில் ஒரு அம்பு வரைந்து, அதைக் குறுக்கே அடித்திருந்தார். பேட்சுக்கு மேலே இன்னொரு அம்பு, பேட்சில் அச்சடித்த அம்பைப் போலவே விளிம்பைப் பார்த்து. அதன் தலைமாட்டில் ஒரு கேள்விக்குறி.

அவள் தலையை வெளியே எடுத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குப் போனாள். தகரப் பெட்டியைத் திறந்து போனை எடுத்துக்கொண்டு வந்தாள். பார்க்க வேண்டியதே இல்லை, மனப்பாடம்தான். ஆனாலும் விளக்குக்கு அடியில் போனைப் பிடித்து, எழுத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். 12.09. 12.11. 12.50.

நெஞ்சு வலிக்கிறவன் நாற்பது நிமிஷம் உட்கார்ந்து, ஓட்டையைச் சுற்றி ரப்பரைச் சுரண்டி, சொல்யூஷன் பூசி, அது காயும்வரை காத்திருந்து, பேட்சை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு குமிழி இல்லாமல் உருட்டி ஒட்டி, தேதியும் நேரமும் எழுதிக்கொண்டிருக்க மாட்டான். வலி வந்திருந்தால் இதற்கெல்லாம் அப்புறம் வந்திருக்கிறது. கூப்பிட்டபோது இல்லை. கூப்பிட்டபோது அவர் கையில் பேட்சை வைத்துக்கொண்டு அம்பு எந்தப் பக்கம் என்று முழித்துக்கொண்டிருந்தார்.

அவள் கேட்கச் சொன்னாள். கேட்டிருக்கிறார்.

பக்கத்தில் அடுக்கியிருந்த டயர்களின் மேல் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்றுதான் நினைத்தாள், இப்போது வராவிட்டால் எப்போது வரும். வரவில்லை. விரல் நுனிகளில் மட்டும் ஊசி குத்துகிறமாதிரி இருந்தது, மரத்த கால் தெளியும்போது குத்துமே, அந்தக் குத்தல்.

பிறகு அவளுக்கு ஒரு ஆசை வந்தது. கெட்ட ஆசை. பெருக்கல் குறி ஒன்று போட்டால் போதும். ஓடாத டயரைக் கிழித்துத் தூக்கிப் போடத்தான் போகிறார்கள், கிழிக்கிற கத்தியால் இந்த ஒரு சாண் ரப்பரை, அம்போடும் கேள்விக்குறியோடும் வெட்டி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். யாரும் ஏனென்று கேட்கப்போவதில்லை. போன வாரம் வெடித்த கதைக்குப் பிறகு, கழித்துக்கட்டினால் முதலாளிக்கு நிம்மதிதான். போட்டோ எடுத்தால் ஆகாதா என்று போனை உள்ளே நீட்டிப் பார்த்தாள். கறுப்பில் ஒரு மஞ்சள் தீற்றல் விழுந்தது, அவ்வளவுதான்.

சும்மா எப்படிப் பெருக்கல் போடுவது, ஏதாவது ஒரு குறை வேண்டாமா. மெஷினைத் திரும்ப ஓடவிட்டாள். கையை உள்ளே வைத்தாள்.

பதினான்கு வாரத்தில் முதல் தடவையாகக் கையோடு அவளும் உள்ளே போனாள். சுருக்கம் இருக்கிறதா? இல்லை. இழை எங்காவது முட்டிக்கொண்டு நிற்கிறதா? இல்லை. சின்னச் சுத்தியலால் சுற்றிலும் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். அடுக்கு பிரிந்திருந்தால் சத்தம் தட்டையாக வரும். எல்லா இடத்திலும் கணீரென்று ஒரே சத்தம். வெளிப்பக்கம் ஒவ்வொரு வெட்டிலும் குத்தூசியை விட்டு ஆழம் பார்த்தாள். ஒன்றுகூடக் கம்பியைத் தொடவில்லை. விளிம்பில் துரு இல்லை. ஐந்து நிமிஷத்தில் முடிகிற டயரை அரைமணி நேரம் பார்த்தாள். குறை தேடித் தேடிப் பார்த்தாள். பாழாய்ப்போன டயர், ஒரு குறையும் இல்லாமல் அவளைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

இன்னொரு வழி இருந்தது. வெளியாள் போட்ட பேட்சை உரித்துவிட்டுப் பட்டறை பேட்ச் போட வேண்டும் என்பது விதி. உரித்து எடுத்தால் அந்தத் துண்டாவது கையில் மிஞ்சும். குத்தூசியை எடுத்துப் பேட்சின் ஓரத்தில் வைத்து நெம்பினாள். நுழையவில்லை. எதிர் ஓரத்தில் வைத்தாள். அங்கேயும் நுழையவில்லை. நாலு பக்கமும் பார்த்துவிட்டாள். நன்றாக ஒட்டாத பேட்ச்தான் முழுசாக உரிந்து வரும். நன்றாக ஒட்டியதை எடுக்க வேண்டுமென்றால் அரைத்துத் தூளாக்கித்தான் எடுக்க முடியும். மனுஷன் கால் மணி நேரம் காயவிட்டிருக்கிறார். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அவள் சொன்னபடி அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார், அதுவும் இப்படி ஆனது.

மெழுகுக் கட்டியை எடுத்தாள். வட்டம். நடுவில் புள்ளி. தள்ளி நின்றாள்.

தூசி அண்ணன் மறுபார்வைக்கு வந்தார். போன வாரத்திலிருந்து அவருக்கு இந்த வேலை பிடிக்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் வந்து பார்த்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விடுவார். உள்ளே தலையை விட்டவர், “வெளி பேட்ச் ஒண்ணு இருக்கும்மா. நீ கவனிக்கல போல. அரைச்சு எடுத்துடறேன்” என்று அரைக்கும் மெஷினைக் கையில் எடுத்தார்.

“கவனிச்சேன். அரைக்க வேண்டாம்.”

“விதி இருக்கேம்மா.”

“விதி ஒட்டாத பேட்சுக்கு. ஊசி விட்டுப் பாருங்க.”

பார்த்தார். நாலு பக்கமும் பார்த்தார். “இறங்கல” என்றார்.

“ஓட்டை எவ்ளோ? அளவுக்குள்ள இருக்கா? எடம் நடுவுல இருக்கா, ஓரத்துத் தோள்பட்டையிலயா? அம்பு சரியா இருக்கா? அப்புறம் எதுக்கு நல்லாருக்கற பேட்ச அரைச்சு, சுத்தியிருக்கற ரப்பரையும் புண்ணாக்கணும்? முதலாளி கேட்டா எங்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கறேன்.”

தூசி அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஒருத்தரோடு மல்லுக்கு நின்று பதினான்கு வாரம் ஆகியிருந்தது.

“வெளியாள் போட்டதும்மா, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா…”

“வெளியாள் இல்லண்ணே. எங்க வீட்டுக்காரரு.”

அவர் திரும்ப விளக்கை இழுத்து உள்ளே பார்த்தார். இந்தத் தடவை எழுத்தைப் படித்தார். அந்தத் தேதி அவருக்கும் தெரியும். அன்று இரண்டு மணிக்கு அவளை வண்டியில் ஏற்றி அந்தப் பஞ்சர் கடை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். வெகுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது கறுப்புத் தூசி படிந்த கன்னத்தில் இரண்டு கோடு இறங்கியிருந்தது. அவளுக்கு வராத அழுகை அந்த மனுஷனுக்கு வந்துவிட்டது. அரைக்கும் மெஷினைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டு, டயரைத் தானே உருட்டிக்கொண்டு உரசும் மெஷினுக்குப் போனார்.

மத்தியானத்துக்குள் தேய்ந்த தோலெல்லாம் உரிந்து, சொல்யூஷன் பூசி, புதுப் பட்டை சுற்றி, மற்ற பதினைந்து டயர்களோடு அது சேம்பருக்குள் போனது. குக்கர் கதவைச் சாத்தித் திருகினான். நாலு மணி நேரம். இடையில் அவள் முப்பத்தொரு டயர் பார்த்தாள். அதில் நாலுக்குப் பெருக்கல் போட்டாள். ஒன்றைப் பார்த்துத் தூசி அண்ணன், “இது எனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா” என்றார்.

சேம்பரைத் திறந்தபோது சூட்டு ரப்பர் வாசனை முகத்தில் அடித்தது. வாசனை அடித்தது என்று அவள் கவனித்தாள். கூண்டுக்குள் வைத்துக் காற்று அடித்தார்கள். குக்கர் முன்ஜாக்கிரதையாகக் காதைப் பொத்திக்கொண்டான். ஒன்றும் வெடிக்கவில்லை. காற்றை இறக்கியதும் அவள் போய் உள்ளே கையை வைத்தாள். பேட்ச் இருந்த இடம் சுட்டது. சுடுகிறதென்று உடனே எடுத்துவிடவில்லை, கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

சாயந்திரம் கம்பெனியிலிருந்து வந்த புது டிரைவர், அவள் வீட்டுக்காரர் வண்டியை இப்போது ஓட்டுகிறவர், டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்துவிட்டு ஏற்றினார். “எல்லாம் நல்லா இருக்குங்களாம்மா?” என்று கேட்டார்.

“இதுல உள்ள ஒரு பேட்ச் இருக்கு. கெட்டியா இருக்கு. பயமில்லாம ஓட்டுங்க” என்றாள்.

வண்டி வாசலைத் தாண்டித் திரும்புகிற வரைக்கும் நின்றாள். பிறகு ஏப்ரன் பையிலிருந்த போனை எடுத்து வீட்டுக்குக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மாமியார் எடுக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு திரும்பக் கூப்பிட்டாள். ஐந்தாவது மணியில் எடுத்தார்.

“என்னாச்சு? என்னம்மா ஆச்சு?” பதறிக்கொண்டு வந்தது குரல். வேலை நேரத்தில் அந்த வீட்டுக்குப் போன் வந்தால் இப்போதெல்லாம் அப்படித்தான்.

“ஒண்ணும் ஆகல அத்தை.”

“மொதல்ல அடிச்சப்பவே கேட்டுது. துணி அலசிட்டிருந்தேன், கையெல்லாம் சோப்பு. தொடைச்சிட்டு வர்றதுக்குள்ள நின்னுபோச்சு.”

“பரவால்ல அத்தை.”

எதிர்ப்பக்கம் மாமியார் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொள்வதுகூடக் கேட்டது.

“அத்தை, அன்னிக்கு அவரு எதுக்குக் கூப்பிட்டாருன்னு தெரிஞ்சுபோச்சு.”

“எதுக்கு?”

“பேட்ச் ஒட்டறதுக்கு. அம்பு எந்தப் பக்கம் பாக்கணும்னு கேக்கறதுக்கு. வலியில கூப்பிடல அத்தை. டயர் இன்னிக்கு வந்துச்சு, உள்ள எழுதியிருக்காரு. அதுக்கப்புறம் முக்கால் மணி நேரம் நல்லாத்தான் இருந்திருக்காரு. உக்காந்து வேலை பாத்திருக்காரு.”

அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இப்போது மாமியார் என்ன சொல்வார்? அதையாவது எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்பாரா? சொன்னாலும் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

“அந்தத் தொட்டியச் சாய்ச்சு வெச்சு சொல்லிக் குடுத்தியே, அந்த அம்பா?”

“ஆமா அத்தை. அதேதான்.”

“சரியா ஒட்டியிருந்தானா?”

வாயைத் திறந்தால் வேறென்னவோ வந்துவிடும்போல இருந்தது. வரட்டும் என்று திறந்தாள்.

“சரியாத்தான் ஒட்டியிருந்தாரு, அத்தை” என்றாள்.